முந்த விடாத காற்று

ஆடி மாதத்தில் திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குச் சைக்கிளில் திரும்பும் மாணவனுக்கு எதிர்க்காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மிதிக்க மிதிக்கக் கால் ஓய்ந்துவிடும். அப்போது வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று அவனைத் தாண்டிச் சென்றால், அதன் பின்னால் சில விநாடிகள் காற்று அடங்கிவிடும். மிதிப்பது திடீரென்று எளிதாகும். (இதற்காக லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். உயிருக்கே ஆபத்து!)

லாரி காற்றைப் பிளந்து செல்கிறது. பின்னால் வருபவனின் சுமை குறைகிறது. அப்படியானால் மோட்டார் பந்தயத்திலும் பின்னால் வரும் கார் முன்னால் செல்லும் காரை எளிதாக முந்திவிட வேண்டுமல்லவா? ஆனால் உலகின் மிக வேகமான பந்தயங்களில் ஒன்றான பார்முலா ஒன்னில் நடப்பது வேறு. பின்னால் வரும் கார் அதிக வேகம் உடையதாக இருந்தும் பல சமயங்களில் முந்த முடியாமல் தவிக்கிறது. தடுப்பது எது? காற்றுதான். உதவிய அதே காற்று எப்படி எதிரியாகிறது என்று பார்ப்போம்.

நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடைபெற்றன. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன் வடிவமைத்த பார்முலா மாருதி என்னும் சிறிய கார்கள் அங்கே ஓடின. மாருதி 800 காரின் எஞ்சினே அவற்றுக்கும் எஞ்சின். இத்தகைய சிறிய கார்களில் பெரிய இறக்கைகள் கிடையாது. ஆகவே, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் சென்று, நேர்ப்பாதையில் முன் காரின் காற்று மறைவைப் பயன்படுத்திச் சட்டென்று விலகி முந்துவது அங்கே இயல்பான காட்சி. நம் சைக்கிள் மாணவன் கண்ட உண்மைதான் அது.

இந்தக் கார்களில் பயின்ற கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன்னில் பங்கேற்ற முதல் இந்தியரானார். ஆனால் அவர் அங்கே ஓட்டிய கார் முற்றிலும் வேறு வகை. அதன் முன்னும் பின்னும் இறக்கைகள் இருந்தன.

காருக்கு இறக்கை எதற்கு? விமானத்தின் இறக்கை அதை மேலே தூக்குகிறது. அதே இறக்கையைக் கவிழ்த்துப் பொருத்தினால் அது காரைத் தரையோடு அழுத்தும். அழுத்தம் கூடினால் டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வு கூடும். உராய்வு கூடினால் வளைவுகளில் வழுக்காமல் விரைவாகத் திரும்பலாம். காரின் எடை கூடாமலே பிடிப்பு மட்டும் கூடுகிறது என்பதே இதன் சிறப்பு. வேகம் இரு மடங்கானால் இந்த அழுத்து விசை நான்கு மடங்காகும். மிகுந்த வேகத்தில் அது காரின் எடையையே மிஞ்சிவிடும்.

ஆனால் இறக்கை வேலை செய்ய ஒழுங்காக ஓடிவரும் காற்று தேவை. முன்னால் செல்லும் காரோ காற்றைக் கலக்கி, சுழல்களாக்கிப் பின்னால் தள்ளுகிறது. அந்தக் கலங்கிய காற்றில் பின் காரின் இறக்கை பாதி வேலைதான் செய்யும். 2022-க்கு முந்தைய கார், மற்றொரு காருக்கு 20 மீட்டர் பின்னால் வரும்போது தன் அழுத்து விசையில் ஏறத்தாழ 35 சதவீதத்தையும், 10 மீட்டருக்குள் நெருங்கினால் ஏறக்குறைய பாதியையும் இழந்தது. இது பார்முலா ஒன் அமைப்பே வெளியிட்ட கணக்கு. விளைவு? வளைவில் டயர் வழுக்குகிறது, சூடேறுகிறது, தேய்கிறது. ஓட்டுநர் பின்தங்குகிறார். அடுத்த நேர்ப்பாதையில் காற்று மறைவு கிடைத்தாலும் விட்ட தூரத்தைப் பிடிக்க முடிவதில்லை.

2010 நவம்பர் 14 அன்று அபுதாபியில் நடந்ததைக் கேளுங்கள். அவ்வாண்டின் கடைசிப் பந்தயம் அது. புள்ளிகளில் முன்னணியில் இருந்தவர் ஸ்பெயினின் அலான்சோ. அவர் ரஷ்யாவின் பெட்ரோவின் காருக்குப் பின்னால் சிக்கிக்கொண்டார். சுற்றுக்கு மேல் சுற்று ஓடியும் முந்த முடியவில்லை. ஜெர்மனியின் வெட்டல் நான்கு புள்ளி வித்தியாசத்தில் உலக சாம்பியன் ஆனார். பாதையின் அமைப்பும் ஒரு காரணம்தான். என்றாலும், கலங்கிய காற்றின் பங்கை யாரும் மறுக்க முடியாது.

அடுத்த ஆண்டே ஓர் ஏற்பாடு வந்தது. முன் காருக்கு ஒரு விநாடி தூரத்துக்குள் வருபவர், குறிப்பிட்ட நேர்ப்பாதைகளில் ஒரு பொத்தானை அழுத்தித் தம் பின் இறக்கையின் மடலைத் திறந்துகொள்ளலாம். காற்றின் தடை குறையும், வேகம் கூடும். முன்னால் செல்பவர் தம்மைத் தற்காத்துக்கொள்ள இதைப் பயன்படுத்த முடியாது. முந்துதல்கள் பெருகின. பார்வையாளர்கள் மகிழ்ந்தார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. நோய் வளைவில் இருக்கிறது. மருந்தோ நேர்ப்பாதையில் தரப்பட்டது. ஒருவர் கையைக் கட்டிவிட்டு மற்றவரை ஓடச் சொன்னால் அது போட்டியாகுமா? முந்துவது கடினமாக இருக்கட்டும். ஆனால் அந்தக் கடினம் முன்னால் செல்பவரின் திறமையால் வர வேண்டும். அவர் கார் வாரி இறைக்கும் கலங்கிய காற்றால் வரக் கூடாது. எனவே சரிசெய்ய வேண்டியது காரின் வடிவத்தையே.

அது முடியும் என்பதை 2022-இல் வந்த விதிகள் காட்டின. இறக்கைகள் எளிமையாக்கப்பட்டன. காரின் அடிப்பகுதியில் சுரங்கம் போன்ற வழிகள் அமைத்து, அங்கே விரைந்து ஓடும் காற்றின் குறைந்த அழுத்தத்தால் கார் தரையோடு இழுக்கப்பட்டது. 1970-களின் இறுதியில் லோட்டஸ் குழு கையாண்டு, பின்னர் தடை செய்யப்பட்ட உத்தியே இது. புதிய வடிவத்தில் 20 மீட்டரில் இழப்பு 4 சதவீதம், 10 மீட்டரில் 18 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். கார்கள் நெருங்கி ஓடின.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒவ்வொரு குழுவின் பொறியாளரும் தம் கார் விரைவதையே நினைப்பார். பின்னால் வருபவரின் காற்றைப் பற்றி அவருக்கு என்ன கவலை? விதியின் இடுக்குகளில் புகுந்து அவர்கள் புதிய வடிவங்களைச் செய்தார்கள். 2025-க்குள் பின்தொடர்வது கடினம் என்ற பழைய முறையீடு மீண்டும் எழுந்தது. 2009-லும் இப்படித்தான். முந்துதலை எளிதாக்க விதிகள் மாற்றப்பட்டன. ஆனால் சில குழுக்கள் அடித்தளத்தின் பின்பகுதியில் இரட்டை அடுக்கு அமைத்து, இழந்த அழுத்து விசையை மீட்டுக்கொண்டன. 2026-க்கான விதிகளில் பொத்தான் சலுகை நீங்கி, எல்லாக் கார்களுக்கும் அசையும் இறக்கைகள் வந்தன. ஆனால் நெருங்கி வருபவருக்குக் கூடுதல் மின்சக்தி என்று சலுகை வேறு வடிவில் தொடர்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான். நல்ல விதியை ஒரு முறை எழுதிவிட்டு ஓய்ந்துவிட முடியாது. அளந்து பார்த்து, மீண்டும் மீண்டும் திருத்த வேண்டும். தன் வேகத்தை மட்டுமன்றி, தான் பின்னால் விட்டுச் செல்லும் காற்றையும் கணக்கில் எடுப்பதே முழுமையான வடிவமைப்பு.

இதை நீங்களே சோதிக்கலாம். மேசை மின்விசிறியின் முன்னால் ஒரு பென்சிலில் கட்டிய நூலைப் பிடியுங்கள். நூல் ஒரு திசையில் நீண்டு நிற்கும். இடையில் ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வையுங்கள். நூல் தாறுமாறாக ஆடும். புத்தகத்துக்குப் பதிலாக ஓர் உருண்டைப் புட்டியை வைத்துப் பாருங்கள். நூலின் ஆட்டம் மாறுகிறதா? எந்த வடிவம் பின்னால் இருப்பவருக்கு நல்ல காற்றை விட்டுவைக்கிறது? நோட்டில் குறித்து வையுங்கள்.