மற்றொரு கை எங்கே போயிற்று?

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் இரு ஆயுதப் போருக்கென ஒரு விதி உண்டு. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் அவ்விதி தெளிவாகவே இருந்தது: ஒரு கையில் ஏந்திய இலகுவான ஆயுதத்தால் தாக்கியவர், மற்றொரு கையில் ஏந்திய வேறோர் இலகுவான ஆயுதத்தால் கூடுதலாக ஒருமுறை தாக்கலாம். 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வேறோர் ஆயுதம் இருக்கிறது. மற்றொரு கை இல்லை.

அதே திருத்தம், தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் முன்போ பின்போ ஓர் ஆயுதத்தை உருவவோ உறையிலிடவோ இசைவு தருகிறது. கட்டாரி போன்ற சில ஆயுதங்களுக்கு உரிய 'நிக்' என்னும் திறன், கூடுதல் தாக்குதலை முதல் தாக்குதலோடு சேர்த்தே நிகழ்த்தவிடுகிறது. இவற்றை ஒருங்கே படித்தவர்கள் கண்ட முடிவு வியப்பானது. இடக்கையில் கேடயம். வலக்கையில் குறுவாள். குறுவாளால் ஒரு வெட்டு. அதை உறையிலிட்டு அதே கையால் கட்டாரியை உருவி ஒரு குத்து. எழுத்தளவில் இதில் பிழை காண்பது கடினம். இரு வாள் ஏந்தியவருக்குக் கிடைக்கும் அதே கூடுதல் தாக்குதல் ஒற்றைக் கையருக்கும் கிடைக்கிறது. கேடயத்தால் தற்காப்பு எண்ணில் 2 மிகுதி. உண்மையிலேயே இரு வாள் ஏந்தியவருக்கு மிஞ்சுவது தோற்றப் பொலிவு மட்டுமே.

ஆட்டத்தின் பழைய பதிப்புகளில் இந்த விதியே கையைப் பற்றியதாகத்தான் இருந்தது. 1979ஆம் ஆண்டு நடத்துநர் கையேட்டில் முதல் ஆயுதத்துக்கு 2, இரண்டாவதற்கு 4 எனத் தாக்குதல் பகடையில் கழிவு உண்டு. இரண்டாவது ஆயுதம் கட்டாரியாகவோ கைக்கோடரியாகவோதான் இருக்கலாம். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில், பயிற்சி இல்லாதவருக்குக் கழிவு 6, 10 என ஏறியது. பழக்கமில்லாத கையின் தடுமாற்றத்தை எண்ணாக்கும் முயற்சியே இவை. நான்காம் பதிப்பு தனிவழி சென்றது. அது இங்கு வேண்டாம்.

இனி, விடுபட்ட சொல்லை எவ்வாறு பொருள்கொள்வது? நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் பத்துக் குற்றங்களையும் முப்பத்திரண்டு உத்திகளையும் தருகிறார். குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். உத்திகளில் இறுதியானது உய்த்துணர வைப்பு. இரண்டிலும் நிகழ்வது ஒன்றே: ஏதோ ஒன்று சொல்லப்படவில்லை. வேறுபாடு வாசகரிடம் இருக்கிறது. விடுபட்டதை அவரால் ஐயமின்றி மீட்க முடிந்தால் உத்தி, முடியாவிட்டால் குற்றம். 'மற்றொரு கையில்' என்பதை உய்த்துணர்வதற்குத் திருத்த நூலில் எஞ்சியிருக்கும் சான்றுகளுள் ஒன்று, 'இரு ஆயுதப் போர்' என்ற போர்ப்பாணியின் பெயர். அப்பெயரும் ஆயுதத்தைத்தான் எண்ணுகிறது, கையை அன்று. ஆகவே இது குன்றக் கூறல்.

திருத்தத்தில் நன்மை இல்லாமலில்லை. ஒரே கையால் கட்டாரிகளை அடுத்தடுத்து உருவி எறிபவர் இப்போது தடையின்றி ஆடலாம். முன்பு கூடுதல் தாக்குதல், 'போனஸ் ஆக்ஷன்' எனும் ஒற்றை வாய்ப்பை விழுங்கிவிடும். வேறு திறன்களுக்கும் அதே வாய்ப்பு தேவைப்பட்ட ரேஞ்சரும் ரோகும் இரண்டில் ஒன்றைக் கைவிட நேர்ந்தது. 'நிக்' அதைத் தீர்த்தது, நன்றாகவே தீர்த்தது. ஆனால் அதற்காக மற்றொரு கையை நீக்க வேண்டிய தேவை எதுவுமில்லை.

நடத்துநர் தீர்ப்புச் சொல்லிவிடட்டும் என்பதே வழக்கமான மறுமொழி. விதிகளை நல்லெண்ணத்தோடு பொருள்கொள்ள வேண்டும் என்று புதிய நடத்துநர் கையேடும் கேட்டுக்கொள்கிறது. கேடயக்காரர் தீய எண்ணத்தோடா படித்தார்? அச்சிட்டதைப் படித்தார். முதன்முறையாக ஆட்டம் நடத்தும் ஒருவர், நண்பர்களுள் ஒருவரிடம் 'நூலில் இருப்பது உனக்கு இல்லை' என்று சொல்லும் சங்கடத்துக்கு ஆளாகிறார். மறுபுறம், இரட்டை வாள் வீரரைக் கனவுகண்டு வந்த புதியவர், ஆங்கில வாக்கியங்களை வழக்கறிஞர் போல் பிரித்துப் படிக்கத் தெரிந்த பழையவரிடம் தோற்றுப்போகிறார்.

எறியும் ஆயுதங்களுக்கு விலக்களித்து, 'மற்றொரு கையில் ஏந்திய' என்பதை மீண்டும் சேர்த்தால் விதி ஒரு வரி நீளும். பதிப்பாளர் அதைச் செய்யும்வரை, பாத்திரங்களை உருவாக்கும் முதல் அமர்விலேயே, யார் கையில் என்ன இருக்கிறது என்று நடத்துநர் கேட்டுக்கொள்வது நலம்.