டபுள் ஷாக்கர் வேண்டுமாம்!



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் பழைய வாக்குறுதிகளெல்லாம் வெளியே வரும். "நல்ல மார்க் எடுத்தா சைக்கிள் வாங்கித் தர்றேன்னு சொன்னீங்கல்ல?" பிள்ளை மார்க் எடுத்துவிட்டான். இனி தப்ப முடியாது.

விக்ரோலி கன்னம்வார் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் மகன் கேட்பது சாதாரண சைக்கிள் இல்லையாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் வைத்த மலைச் சைக்கிள். பையன்கள் பாஷையில் 'டபுள் ஷாக்கர்', கடைக்காரர் பாஷையில் 'ஃபுல் சஸ்பென்ஷன்'. ஒரு கடையில் பதினான்காயிரம் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் ஒன்றே கால் லட்சம். "பார்க்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரர், அந்தக் காசுக்கு ஸ்கூட்டியே வந்துடுமேங்கிறார். எதை வாங்குறது?" என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினான்காயிரம் ரூபாய் டபுள் ஷாக்கர் வேண்டவே வேண்டாம். ஒன்றே கால் லட்சம் இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டும் ஒன்று போல இருக்கிறது என்கிறாரே, அங்கேதான் விஷயமே இருக்கிறது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலை குறைந்த சைக்கிளின் நடுவில் இருக்கும் அந்தச் சிவப்பு ஸ்பிரிங்கைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பலவற்றில் 750, 850 என்று ஏதாவது ஒரு எண் அச்சாகியிருக்கும். அந்த ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்க அத்தனை பவுண்டு எடை வேண்டும் என்பது அதன் பொருள். நாற்பத்தைந்து கிலோ பையன் உட்கார்ந்தால் அது அசைந்து கொடுப்பதே அபூர்வம். எண்பது கிலோ அப்பா உட்கார்ந்தாலும் அதே ஸ்பிரிங்தான். ஆளுக்குத் தகுந்தபடி மாற்ற வழியில்லை.

இன்னொரு சோதனையும் செய்யலாம். சீட்டைக் கையால் பலமாக அமுக்கிவிட்டு விடுங்கள். வெடுக்கென்று துள்ளி மேலே வருகிறதா? அப்படியானால் உள்ளே வெறும் ஸ்பிரிங்தான் இருக்கிறது, வேகத்தை அடக்கும் எண்ணெய் இல்லை. நல்ல ஷாக்கில் ஸ்பிரிங்கோ காற்றோ அடியைத் தாங்கும். கூடவே உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துவாரங்கள் வழியே ஓடி, திரும்பி வரும் வேகத்தைக் குறைக்கும். அது இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்சக்கரம் ஆளைத் தூக்கிப் போடும். குலுங்காமல் போகத்தானே காசு கொடுத்தோம்?

இனி எடை. இரும்பு ஃப்ரேம், இரண்டு ஷாக்கர், இரண்டு டிஸ்க் பிரேக் என்று எல்லாம் சேர்ந்து பதினெட்டு, இருபது கிலோவைத் தொட்டுவிடும். இதை வைத்துக்கொண்டு பார்க்சைட்டிலிருந்து பவாய் ஹீராநந்தானி பக்கம் ஏறிப் பாருங்கள். மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் அமுங்கி எழும். காலில் கொடுக்கும் பலத்தில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் ஸ்பிரிங்கிலேயே கரைந்துபோகும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி என்றால் ராத்திரி அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவது யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து அது அம்மாதான்.

அப்படியானால் ஒன்றே கால் லட்ச ரூபாய் சைக்கிளில் என்னதான் இருக்கிறது? நிறையவே இருக்கிறது, அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அலுமினிய ஃப்ரேம், பதினைந்து கிலோ அளவில் எடை, ஓட்டுபவரின் எடைக்கு ஏற்பக் காற்றடித்துக்கொள்ளும் ஷாக், ஃப்ரேம் மடங்கும் ஒவ்வொரு மூட்டிலும் பேரிங். பின் சக்கரம் 120 மில்லிமீட்டர் மேலே எழும்போது ஷாக் ஐம்பது மில்லிமீட்டருக்குள் மட்டுமே அமுங்கும்படி அந்த மூட்டுகளைக் கணக்குப் பார்த்து அமைத்திருப்பார்கள். உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கக்கூடிய தூரத்தில் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரை தானாக இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் பள்ளம் வந்தால் சக்கரம் கீழே நீண்டு தரையைப் பிடிக்கும். அந்த அளவைப் பார்ப்பதற்காகவே ஷாக் தண்டில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று போட்டிருப்பார்கள். கல்லும் வேரும் நிறைந்த மலைப்பாதையில் வேகமாக இறங்குகிறவருக்கு இதெல்லாம் வீண் செலவே இல்லை.

ஆனால் விக்ரோலியில் நமக்குக் கல்லும் வேரும் எங்கே இருக்கிறது?

கிழக்கே ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே, அதைத் தாண்டினால் அலையாத்திக் காடும் கழிமுகமும். மேற்கே எல்.பி.எஸ். மார்க். 2025 ஜூனில் ரயில் மேம்பாலம் திறந்த பிறகு கிழக்கிலிருந்து மேற்கே டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சுற்று குறைந்தது, அது பெரிய நிம்மதி. அந்தப் பாதை முழுக்கத் தார், கான்கிரீட், பேவர் பிளாக், வேகத்தடை, மழை வந்தால் குழி. லிங்க் ரோடு பிடித்தால் ஆரே காலனி போகலாம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் கன்ஹேரி குகைகள் வரை தார் ரோடே இருக்கிறது. தானே பக்கம் யேவூர் ஏற்றத்தில் விடிகாலையில் சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். (ஆரேயிலும் யேவூரிலும் சிறுத்தை நடமாட்டம் உண்டு. இருட்டில் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.) இவற்றில் எதற்கும் பின்பக்க ஷாக் அவசியம் இல்லை.

ஓட்ட நல்ல பாதை இல்லையே என்கிறீர்களா? வாஸ்தவம். பக்கத்திலேயே பவாய் ஏரியைச் சுற்றி மாநகராட்சி ஒரு சைக்கிள் பாதை போட ஆரம்பித்தது. ஈரநிலத்துக்குள் கட்டுவது சட்டவிரோதம் என்று 2022 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி, போட்டதையும் அகற்றச் சொன்னது. தீர்ப்பு சரிதான். ஏரியில்தான் கூடாது என்றார்கள்; ஊரில் வேறு எங்குமே கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

பையனிடம் "நீ ஓட்டும் ரோட்டுக்கு இது தேவையில்லை" என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டான். அவனுக்கு வேறு விதமாகத்தான் சொல்ல வேண்டும். மலைச் சைக்கிள் பந்தயம் பிறந்தது 1970-களில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற இடத்தில். அந்த இளைஞர்கள் மலையிலிருந்து இறங்கியது பழைய கனத்த சைக்கிள்களில். ஒன்றிலும் ஷாக்கர் கிடையாது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் வைத்துத்தான் அடுத்த சுற்று. இன்னொன்றும் சொல்லுங்கள். 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் மலைச் சைக்கிள் போட்டியில் தங்கம் வென்றவர் பிரான்சின் ஜூலியன் அப்சலோன். இரண்டு முறையும் அவர் ஓட்டியது பின்னால் ஷாக்கர் இல்லாத சைக்கிள்தான்.

அந்த வகைக்கு ஹார்ட்டெயில் என்று பெயர். முன்னால் மட்டும் ஷாக்கர் ஃபோர்க், பின்பக்கம் விறைப்பான ஃப்ரேம். நம் வாசகிக்கு நான் சொல்வது இதைத்தான். இருபத்தைந்து, முப்பதாயிரம் வரை புரட்ட முடிந்தால் அலுமினிய ஃப்ரேம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், ஏற்றத்தில் பூட்டிக்கொள்ளும் ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயில் கிடைக்கும். பட்ஜெட் பதினான்காயிரத்திலேயே நின்றால் முன் ஷாக்கரும் வேண்டாம். சாதாரண ஃபோர்க், அகலமான டயர், நல்ல பிரேக் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில் போடும்போது அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட், கனமான பூட்டு, காற்றடிக்கும் பம்ப் மூன்றையும் சைக்கிள் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் ஹெல்மெட் வரவே வராது.

குலுக்கலுக்கு என்ன வழி? டயர்தான். 1888-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினாரே, எதற்காகச் செய்தார் தெரியுமா? மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்றுதான். இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான டயரில் கல் போலக் காற்றடிக்காமல், டயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவுக்குள், பையன் எடைக்கு முப்பது முப்பத்தைந்து பிஎஸ்ஐ வைத்துப் பாருங்கள். மலிவு ஸ்பிரிங் செய்யாததை அது செய்யும். செலவு? பஞ்சர் கடைக்காரர் அதற்குக் காசே வாங்க மாட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும், "எனக்கு டிரெயில் ஓட்டத்தான் வேண்டும், சஹ்யாத்ரிக்குப் போகிறேன், இமாச்சலத்தில் 2005 முதல் நடக்கும் எம்டிபி ஹிமாலயா பந்தயத்தில் ஒருநாள் கலந்துகொள்வேன்" என்று உறுதியாக நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை நான் தடுக்கமாட்டேன். முதலில் ஹார்ட்டெயிலில் இரண்டு மழைக்காலம் ஓட்டட்டும். ஆசை அப்போதும் குறையவில்லை என்றால் பழைய சைக்கிளாக ஒரு நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் தேடலாம். லாக்டவுனில் ஆசையாக வாங்கி, பால்கனியில் துணி காயப் போட்டிருக்கும் உயர்ரக சைக்கிள்கள் பவாயிலும் முலுண்டிலும் கொஞ்சமா இருக்கும்?

பழையது வாங்கும்போது நான்கு இடம் பார்க்க வேண்டும். சீட்டை ஒரு கையால் பிடித்துப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் மூட்டு பேரிங் போயிருக்கிறது. ஷாக்கின் பளபளப்பான தண்டில் விரலை ஓட்டுங்கள். கீறல் தட்டினால் காற்றும் எண்ணெயும் கசியும். மூட்டுகளைச் சுற்றி வெல்டிங்கில் முடி அளவு விரிசல் இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். கடைசியாக, பெடல் அச்சுக்குக் கீழே ஃப்ரேமில் அடித்திருக்கும் நம்பரைப் பில்லோடு ஒத்துப் பாருங்கள். பில் இல்லை என்றால், அது எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். திருட்டு சைக்கிள் ஓட்டிப் பிள்ளை போலீஸ் சௌக்கிக்குப் போக வேண்டுமா?

பராமரிப்புச் செலவையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஏர் ஷாக்கை ஏறக்குறைய ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்து சீல் பார்க்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஷாக்கில் காற்றடிக்கத் தனி பம்ப் வேண்டும். அந்த வேலை தெரிந்த மெக்கானிக் எல்லா நாக்காவிலும் கிடைக்கமாட்டார். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பக்கத்திலேயே கழிமுகத்து உப்புக்காற்று. இந்த ஊரில் பேரிங்குகள் துருப்பிடிப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்த சைக்கிளானாலும் மழையில் நனைந்த அன்றே துடைத்து செயினுக்கு எண்ணெய் விடுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரை மட்டும் மூட்டுகளில் அடிக்க விடாதீர்கள்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் வரும் சைக்கிள் முழுதாகப் பூட்டி வராது. அவசரத்தில் முன் ஃபோர்க்கையே பின்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்! சைக்கிளில் உட்கார்ந்து பார்த்தால் முன் டிஸ்க் பிரேக்கின் பிடி ஃபோர்க்கின் இடது காலுக்குப் பின்புறம் இருக்க வேண்டும். முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் ஓட்டாதீர்கள். நூறு இருநூறு கொடுத்து மெக்கானிக்கிடமே பூட்டச் சொல்வது நல்லது.

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளியிலேயே அரசு சைக்கிள் கிடைக்கிறது. மும்பையில் நாம் கைக்காசு போட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அப்படி வாங்கியதை நிறுத்தவாவது இடம் வேண்டாமா? பல கட்டடங்களில் கார்களுக்குக் கோடு போட்டு நம்பர் எழுதியிருக்கிறது. சைக்கிள்கள் மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டி பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மகாராஷ்டிரத்தில் ஹவுசிங் சொசைட்டிகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை செப்டம்பர் 30-க்குள் நடத்தியாக வேண்டும். இந்த வருடக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். கூரை போட்ட, சங்கிலி கோத்துப் பூட்டக்கூடிய ஒரு சைக்கிள் ஸ்டாண்டை எழுத்தில் கேளுங்கள். செக்ரட்டரி என்ன பதில் சொன்னார் என்பதை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்