ஏணியும் ஒரு விவசாயக் கருவிதான்

கலப்பைக் கொழு தேய்ந்தால் அது உடனே பட்டறைக்குப் போகிறது. பம்பு செட்டில் சத்தம் மாறினால் மெக்கானிக் வருகிறார். தெளிப்பானில் வாஷர் போனால் அன்று மாலைக்குள் புதிது வாங்கப்படுகிறது. ஆனால் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடக்கும் மூங்கில் ஏணியின் மூன்றாவது படி ஆடுகிறது என்றால், "பார்த்து மிதித்து ஏறு" என்று சொல்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. கருவிகளின் கணக்கில் ஏணி சேர்வதே இல்லை. சிறு விவசாயக் குடும்பத்தை ஒரே நாளில் கடனில் தள்ளக்கூடிய சாமான் அதுதான் என்பதைப் பலர் உணர்வதில்லை.

சென்னைக்கு வடக்கே மாதவரம், வடபெரும்பாக்கம், செங்குன்றம், சோழவரம் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். 2011-ல் மாதவரம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. என்றாலும் கறவை மாடு, கொட்டகை, வைக்கோல் போர், கொல்லையில் நாலு தென்னை, ஒரு மா, ஒரு முருங்கை என்ற குடித்தனம் இந்தப் பக்கத்தில் இன்னும் அற்றுப்போகவில்லை. இந்தக் குடித்தனத்தில் ஏணிக்கு ஓய்வு கிடையாது. சித்திரை, வைகாசியில் மாங்காய் பறிக்க வேண்டும். புரட்டாசி பிறந்தால் மழைக்கு முன் கூரை வேய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் அடித்தால் பறந்துபோன தகட்டைத் திரும்பப் போட வேண்டும். மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் உழைக்கும் கருவிக்கு ஆண்டில் ஒருநாள் பராமரிப்புகூட இல்லை.

ஆலையில் ஒரு நியாயம், வீட்டில் ஒரு நியாயமா?

மாதவரத்துக்குக் கிழக்கே மணலி. அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், விவசாயிகள் நன்கு அறிந்த 'விஜய்' உரம் தயாரிக்கும் ஆலையும் இருக்கின்றன. அதற்கு அப்பால் எண்ணூர், திருவொற்றியூர் வரை தொழிற்சாலைகள்தான். உயரத்தில் வேலை செய்பவர் விழாமல் இருக்கத் தடுப்பு ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் கடமை என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. பெரிய ஆலைகளில் உயரத்தில் ஏற அனுமதிச் சீட்டு, இடுப்பில் பாதுகாப்புப் பெல்ட், தலையில் கவசம் என்பது வழக்கமாகிவிட்டது.

ஆலையில் ஷிப்டு முடித்து வரும் தொழிலாளியே மாலையில் தம் வீட்டு மாட்டுக் கொட்டகையின் மேல் ஏறுகிறார். அங்கே பெல்ட்டும் இல்லை, கவசமும் இல்லை. ஏணியைப் பிடித்துக்கொள்ளக் கீழே ஆளும் இல்லை. ஆலையின் இருபது அடிக்கும் வீட்டின் இருபது அடிக்கும் வித்தியாசம் உண்டா? பூமி இழுக்கும் வேகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் பெருகியபோது மத்திய அரசு விழித்துக்கொண்டது. 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை)ச் சட்டம் வந்தது. ஏணிக்கு அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்து ஒவ்வொரு கொல்லையிலும் இன்ஸ்பெக்டரை நிறுத்த முடியாது. ஆகவே இந்த விஷயத்தில் விவசாயியே முதலாளி, அவரே தொழிலாளி, அவரே இன்ஸ்பெக்டர்.

பத்து அடி சிறிய உயரமா?

"என்ன, பத்து அடிதானே!" என்பது வழக்கமான பேச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. பத்து அடியிலிருந்து விழுபவர் முக்கால் வினாடியில் தரையைத் தொடுகிறார். அப்போது அவர் வேகம் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். இருபது அடியானால் சுமார் 39 கிலோமீட்டர். ஓடும் மொபெட்டிலிருந்து தலைகுப்புற விழுவதற்கு இது குறைந்ததல்ல. முக்கால் வினாடியில் எதையும் பிடித்துக்கொள்ள நேரமிராது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் உலகில் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுதலுக்குத்தான். இதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நடக்கிறது. எல்லாமே ஏணியிலிருந்து விழுந்தவை அல்ல. ஆனாலும் விழுவது சில்லறை விஷயம் அல்ல என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

ஏணியைப் பார்க்கும் விதம்

மூங்கில் ஏணி மோசமானதல்ல. முற்றிய மூங்கிலில் செய்து, நிழலில் வைத்தால் நன்றாக உழைக்கும். இளம் மூங்கிலில் செய்தது சீக்கிரம் உளுத்துப்போகும். ஏணியின் அடியில் மாவுபோல் தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு குடைகிறது என்று பொருள். நெடுக வெடிப்பு விட்டிருந்தாலும், கட்டிய கயிறு வெயிலிலும் மழையிலும் நைந்திருந்தாலும், கயிறு மாற்றிய பிறகும் படி ஆடினாலும் அந்த ஏணியை அடுப்புக்கு வெட்டிப் போடுவதே மேல். "இந்த வருஷம் ஓட்டிவிடலாம்" என்பது ஏணி விஷயத்தில் கூடாது.

அலுமினிய ஏணி இலேசானது, உளுக்காது. ஆனால் அதில் மின்சாரம் பாயும். மின்கம்பி பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது. ஈர மூங்கிலும் மின்சாரத்துக்குத் தடையல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஏணி இல்லாத நேரத்தில் ஸ்டூல்மேல் ஸ்டூல், டிரம்மின்மேல் பலகை, மாட்டு வண்டியின்மேல் ஏணி என்று அடுக்குவது விபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

சாய்ப்பதில் நாலுக்கு ஒன்று

ஏணியைச் சாய்ப்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஏணி எட்டும் உயரம் நாலு அடி என்றால், அதன் கால் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்க வேண்டும். 12 அடி உயரத்துக்கு 3 அடி. 16 அடிக்கு 4 அடி. இதைவிட நெட்டாக நிறுத்தினால் ஏணி ஆளோடு பின்னால் சாயும். அதிகம் படுக்க வைத்தால் அடி வழுக்கிவிடும்.

சாணம் மெழுகிய தரை, கொட்டகையின் ஈரச் சிமெண்டுத் தரை, மழை பெய்த களிமண் ஆகியவற்றில் ஏணி நிற்காது. மண்ணானால் இரண்டு காலுக்கும் சிறு குழி எடுக்கலாம். சிமெண்டானால் கீழே ஒரு ஆள் பிடித்தே ஆக வேண்டும். மேல் நுனியைத் தூணிலோ உத்தரத்திலோ கயிற்றால் கட்டினால் பக்கவாட்டில் சரியாது. கூரைமேல் இறங்க வேண்டுமானால் ஏணி விளிம்புக்கு மேலே மூன்று அடி நீண்டிருக்க வேண்டும். இறங்கும்போது பிடித்துக்கொள்ள அதுதான் ஆதாரம்.

ஏறுபவர் ஏணியைப் பார்த்தபடி ஏறி, ஏணியைப் பார்த்தபடியே இறங்க வேண்டும். இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். அரிவாளையும் சுத்தியலையும் கையில் பிடித்துக்கொண்டு ஏறாமல், மேலே போனபின் கயிறு விட்டுக் கூடையில் இழுத்துக்கொள்ளலாம். மேல் மூன்று படிகளில் நிற்கக் கூடாது. இன்னும் ஒரு முழம் எட்டினால் போதும் என்று உடம்பை வளைக்கும்போதுதான் பெரும்பாலும் ஏணி புரளுகிறது. இறங்கி ஏணியை நகர்த்த இரண்டு நிமிடம் ஆகும். அந்தச் சோம்பலுக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

கூரை, மரம், மின்கம்பி

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் வடபகுதியைப் புரட்டிப்போட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஊரையே மூழ்கடித்தது. புயல் ஓய்ந்த மறுநாள் கூரையேறும் அவசரம் புயலைப்போலவே ஆபத்தானது. கல்நார் தகடு பார்க்க உறுதியாகத் தோன்றும். பழைய தகடு ஆள் பாரம் தாங்காமல் திடீரென உடையும். அதன்மேல் நேராக மிதிக்காமல், கீழே சட்டம் ஓடும் இடத்தில் குறுக்கே நீண்ட பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும். முடிந்த வேலையைக் கீழிருந்தே செய்வது இன்னும் நல்லது.

முருங்கை மரத்தில் ஏறும் உரிமை வேதாளத்துக்கு மட்டும்தான். அதன் கிளை மளுக்கென்று முறியும். துரட்டியால் பறிப்பதே முறை. ஆண்டுதோறும் காய்ப்பு முடிந்தபின் கவாத்து செய்து மரத்தைத் தாழ வளர்த்தால் ஏறும் தேவையே வராது. மாவுக்கும் கொய்யாவுக்கும் இதே யோசனை பொருந்தும். தென்னைக்குப் பழகிய ஆள் வரும்வரை காத்திருப்பதே நல்லது. மழையில் நனைந்த மரத்தில் அவரையும் ஏறச்சொல்லக் கூடாது. யானைக்கும் அடி சறுக்கும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் கேரளத்தில் தொடங்கி இளைஞர்களுக்கு மரமேறும் கருவியில் பயிற்சி கொடுத்தது. மரமேறிகளுக்கு விபத்துக் காப்பீடும் ஏற்பாடு செய்தது. பழகியவர்களுக்கே காப்பீடு தேவை என்றால், பழகாதவர் ஏறுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏணியையோ இரும்புத் துரட்டியையோ தூக்குமுன் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே கம்பி ஓடினால் அந்த மரத்தை விட்டுவிட வேண்டும். கம்பியில் சாய்ந்த கிளையை வெட்ட வேண்டுமானால் 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே கைவைக்க வேண்டும். ஏணியோடு மின்சாரம் தாக்கியவரையும் மின்சாரம் நிற்கும்வரை தொடக்கூடாது.

விழுந்தவரைத் தூக்குமுன்

விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைப்பது கொடிய தவறு. முதுகெலும்போ கழுத்தோ முறிந்திருந்தால், விழுந்ததில் பிழைத்த நரம்பு இந்தத் தூக்கலில் அறுபட்டு வாழ்நாள் முழுவதும் கால் வராமல் போகலாம். அசைக்காமல் படுக்க வைத்து, தலை திரும்பாமல் பிடித்துக்கொண்டு, 108-க்குச் சொல்ல வேண்டும். தண்ணீர், காப்பி எதுவும் கொடுக்கக் கூடாது. வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல், காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது நீர் வடிதல் இருந்தால் தலையில் உள்காயம் என்று சந்தேகிக்க வேண்டும். சில மணி நேரம் கழித்தும் இவை தோன்றலாம்.

வட சென்னைப் பக்கம் எலும்பு முறிவு என்றாலே புத்தூர்க் கட்டு நினைவுக்கு வருகிறது. அந்த நம்பிக்கையோடு இங்கே வழக்கில்லை. ஆனால் உயரத்திலிருந்து விழுந்தவர் முதலில் போக வேண்டிய இடம் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைதான். எக்ஸ்ரே பார்க்காமல் முதுகையோ தலையையோ யாரும் தொடக்கூடாது.

இதற்குப் பணக் காரணமும் உண்டு. 2015-ல் தொடங்கிய பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளவர்கள் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஒரு கையோ காலோ நிரந்தரமாகச் செயலிழந்தால் 1 லட்சம். மரத்திலிருந்து விழுந்தவருக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு சான்றாக வேண்டும் என்று அத்திட்டத்தின் விளக்கத்திலேயே குறிப்பிட்டுள்ளார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாவிட்டால் பணமும் இல்லை. சிறு, குறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் மாநில அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் பதிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் எலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்துக் கிடந்து பிறகு தேறியவருக்கு இந்த 20 ரூபாய்த் திட்டத்தில் ஒன்றும் வராது. அந்த ஆறு மாதம் யார் பால் கறப்பது, யார் நடவுக்குப் போவது, வட்டி யார் கட்டுவது? விழாமல் இருப்பதுதான் இதற்குக் காப்பீடு.

செய்ய வேண்டியது

நல்ல ஏணிக்குக் காசு ஏது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை காசில்லாத வேலைகள். கயிறு மாற்றுவது, நாலுக்கு ஒன்று சாய்ப்பது, ஒரு ஆளைப் பிடிக்கச் சொல்வது, அண்ணாந்து பார்ப்பது இவற்றுக்குச் செலவு என்ன? ஏணி வாங்க முடியாத இடத்தில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம். டிராக்டரும் பவர் டில்லரும் வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்கள் உறுதியான ஏணி இரண்டையும் இடுப்புப் பெல்ட்டையும் சேர்த்து வைத்தால் சங்கம் முழுகிவிடாது. கருவிகளுக்கு மானியம் தரும் வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகள் அந்தப் பட்டியலில் ஏணியையும் சேர்க்க வேண்டும். மகசூலுக்குப் பயிற்சி கொடுக்கும் கூட்டங்களில் அரைமணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம்.

கூலிக்கு ஆள் வைத்து மரமேற்றும் விவசாயிக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. தம் பிள்ளையை ஏற்றத் தயங்கும் ஏணியில் கூலி ஆளையும் ஏற்றக் கூடாது.

வரும் புரட்டாசியில் கூரை வேயுமுன் ஏணியை வெளியே எடுத்து, வெயிலில் கிடத்தி, ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்ப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். விதையைச் சோதிக்காமல் விதைக்காத விவசாயிக்கு இது பெரிய வேலை அல்ல.