முட்டையின்ர பாரத்தை விடுங்கோ, லைட்டைப் பாருங்கோ

'சும்மா கதைதானே, அதுக்குள்ள ஏன் நொட்டை பிடிக்கிறீங்கள்?' டொக்டர் ஹூ பார்க்க ரூமில் கூடுகிற ஒவ்வொரு முறையும் நாங்கள் வாங்குகிற பேச்சு இது. 2014இல் வந்த 'கில் த மூன்' எபிசோடைத் திரும்பப் போட்டபோதும் வாங்கினோம். ஓம், நாங்கள் நொட்டை பிடிப்போம். எந்த நொட்டை என்பதில்தான் சண்டை.

பார்க்காதவர்களுக்கு: ஆண்டு 2049. நிலா உண்மையில் ஒரு இராட்சத முட்டை, குஞ்சு வெளியில் வரப்போகிறது. நிலாவின் திணிவு கூடியதால் பூமியில் கடல் பொங்கி அழிவு. அணுகுண்டு வைத்துக் குஞ்சைக் கொல்வதா, விடுவதா?

கூடின திணிவு 130 கோடி தொன்னாம். கேட்கப் பெரிசுதான். ஆனால் நிலாவின் திணிவு, 73க்குப் பின்னால் 18 பூச்சியம் போட்டால் வருகிற தொன். 60 கிலோ ஆள் ஒருத்தர் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கொழுத்த மாதிரி. இதுக்கோ கடல் பொங்கினது? அடைகாக்கிற கோழி முட்டை ஓட்டுக்குள்ளால் நீராவி போய்ப் பாரம் குறையுமே தவிரக் கூடாது. பிறகு, இப்பதான் பிறந்த குஞ்சு உடனேயே அதே அளவு இன்னொரு நிலாவை இட்டுவிட்டுப் பறக்கிறது!

இதுகளை எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள். நாங்களும் மன்னிக்கிறோம். காலத்துக்குள் பயணம் போகிற நீலப் பெட்டியை நம்பின நாங்கள் முட்டையை நம்பமாட்டோமா?

மன்னிக்க ஏலாதது வாக்கெடுப்பு. டொக்டர் விட்டிட்டுப் போன பிறகு கிளாரா பூமியிடம் கேட்கிறாள்: கொல்லச் சொன்னால் லைட்டை அணையுங்கள், விடச் சொன்னால் எரியவிடுங்கள். பூமி இருண்டுபோகிறது. உலகமே கொலைக்கு வாக்களித்ததாம்.

எந்த உலகம்? நிலாவிலிருந்து ஒரு நேரத்தில் பாதிப் பூமிதான் தெரியும். பகலில் இருக்கிறவன் அணைத்தால் என்ன, போட்டால் என்ன? அங்கிருந்து தனி வீடு தெரியாது, நகரங்கள்தான் தெரியும். நகரத்தையே அணைக்கிற சுவிட்ச் யாரின் கையில்? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த எங்களைக் கேளுங்கோ. கிளாரா அந்த இரவில் கேட்டிருந்தால், நுளம்புக்கு விசிறிக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் கொலைக்கு வாக்குப் போட்டவர்கள். கரண்டே இழுக்காத வீடுகளும் அப்படித்தான்.

இது சின்ன ஓட்டை இல்லை, கதையே இதற்கு மேல்தான் நிற்கிறது. கிளாரா கடைசி நொடியில் குண்டை நிறுத்துகிறாள், குஞ்சு ஒருத்தருக்கும் கெடுதி செய்யாமல் பறக்கிறது, அவள் செய்தது சரியாகிறது. அப்போ சனம் மூளையில்லாத கூட்டம், நல்ல மனசுள்ள ஒருத்தி அவர்களை மீறினால் போதும். இதைத்தானே படம் சொல்லுது? இது வாக்கே இல்லை, இதை எண்ண ஏலாது என்று கிளாராவின் வாயில் ஒரு வரி வைத்திருந்தால் அவள் சனத்தை மீறினவள் ஆகமாட்டாள். எழுதினவருக்கு அது தோன்றவில்லை, அல்லது தேவைப்படவில்லை.

கடைசியில் தங்களைக் கைவிட்டதற்காக அவள் டொக்டரைப் பிடித்து ஏசுகிற காட்சி நல்ல காட்சி. ஜென்னா கோல்மனுக்காகவே அதைத் திரும்பவும் போட்டோம். ரூமில் ஒருத்தி அழுதும் விட்டாள். 'இப்ப சொல்லுங்கோ பார்ப்பம் உங்கட நொட்டையை' என்றாள். சொன்னோம். அவள் எழும்பிப்போய் லைட்டை அணைத்தாள்.