பாறையைப் பிளக்குமுன் கணக்கெடுங்கள்!

தோழர்களே! தோட்டத்தை விற்குமுன் முதலாளி மரங்களை எண்ணுகிறான். பால் வடியும் மரம் எத்தனை, பட்டுப்போன மரம் எத்தனை என்று புத்தகத்தில் ஏற்றுகிறான். மலையை உடைக்கப் புறப்பட்டவர்கள் அங்கே வாழும் உயிர்களை என்றாவது எண்ணினார்களா?

சிங்கப்பூரின் புக்கிட் தீமாவைப் பாருங்கள். 1854-ல் அங்கே வந்த ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் வாலஸ், இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அந்த மலையில்தான் பிறகு கருங்கல் குவாரிகள் வந்தன. பல பத்தாண்டுகள் வெடிமருந்து முழங்கிற்று. அந்தப் பகுதியின் ஓடையில் வாழும் ஒரு சிறு நண்டுக்கு விஞ்ஞானிகள் பெயர் சூட்டியதோ 1986-ல்தான்! உலகில் வேறெங்கும் இல்லாத நண்டு அது. குவாரி இன்னும் சற்றுத் தூரம் தின்றிருந்தால், பெயர் வைக்குமுன்பே அது மாண்டிருக்கும். யார் அழுதிருப்பார்கள்?

கல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஜொகூர் பாலத்துக்கும் நகரத்தின் சாலைகளுக்கும் கல் கொடுத்தது இந்த உழைப்புத்தான். புலாவ் ஊபினில் இந்தியக் கைதிகளும் சீனத் தொழிலாளரும் கல் உடைத்தனர். அவர்கள் வியர்வையை மறந்து நண்டை மட்டும் பாடுகிற கனவான்களும் உண்டு. அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

அந்த ஊபினைக் கேளுங்கள். ஒரு காலத்தில் குவாரியும் ரப்பர்த் தோட்டமும் இருந்த தீவு. 1999-ல் கல் உடைப்பு நின்றது. இன்று சாங்கியிலிருந்து படகேறிப் போனால், நீர் நிரம்பிய குவாரிக் குழிகளைக் காணலாம். ஒரு குழியில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. இருவாய்ச்சிப் பறவையும் திரும்பிவிட்டது. காயத்தை இயற்கை ஆற்றிக்கொள்ளும் என்று யாரும் இதைச் சாக்காகக் காட்ட வேண்டாம். ஆற விட்டதனால் ஆறிற்று.

அதே தீவின் செக் ஜாவா கரையை 2001-ல் மண் கொட்டி மூடத் திட்டம் இருந்தது. தொண்டர்களும் அருங்காட்சியக ஆய்வாளர்களும் கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, கடற்புல், நட்சத்திர மீன், நண்டு என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தனர். 2002 ஜனவரியில் அரசாங்கம் திட்டத்தை ஒத்திவைத்தது. ரத்துச் செய்யவில்லை, கவனியுங்கள். ஆயினும் கணக்கு வென்றது.

மாறாக, 2021-ல் கிராஞ்சியில் ஆய்வு முடியுமுன்பே சுமார் 4.5 ஹெக்டேர் காடு தவறுதலாக அழிக்கப்பட்டது. விளக்கமும் வருத்தமும் பிறகு வந்தன. மரம் வந்ததா?

இன்னொன்றும் கேட்போம். ஆய்வுக்குப் போகிறவர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு நேரே காட்டுக்குள் நுழைகிறார்கள். விடியுமுன் நிரையில் நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்குத் தெரியாத பறவையும் பாம்பும் உண்டா? எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்பதை அவரிடம் கேட்கட்டும். கேட்டதை அவர் படிக்கும் மொழியிலேயே அறிக்கையாக வெளியிடட்டும். குவாரி மூடினால் வேலையிழப்பவர் எத்தனை பேர் என்ற பக்கமும் அதே அறிக்கையில் இருக்கட்டும்.