கைபேசியுடன் வரும் உலாவி: தரம் காண்பது யார் பொறுப்பு?

முற்காலத்தில் அரிக்கேன் விளக்கு வாங்கக் கடைக்குச் செல்பவர் கண்ணாடிக் கூண்டை விரலால் தட்டிப் பார்ப்பார். எண்ணெய்த் தொட்டியில் ஒழுக்கு உண்டா என்று கவனிப்பார். திரியை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. அது விளக்குடன் சேர்ந்து வரும் பொருள், விலையில் அடங்கியது. ஆயினும் இரவு முழுவதும் எரிய வேண்டியது அத்திரியே. இக்காலத்தில் ஸ்மார்ட்போன் என வழங்கும் கைபேசியை வாங்குகிறவரும் இவ்வாறே நடந்துகொள்கிறார். காமிராவின் திறனையும் பாட்டரியின் ஆயுளையும் விசாரிக்கும் அவர், இணையத்தைக் காண்பதற்கென அதனுள் முன்னரே வைத்துத் தரப்படும் ‘பிரௌசர்’ என்னும் உலாவியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அந்த உலாவியின் தரத்தைப் பரிசோதிப்பது வாங்குகிறவரின் கடமைதானா, அன்றி விற்பவருக்கும் அரசாங்கத்துக்கும் அதில் பங்கு உண்டா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

உலாவியின் தொழில் யாது? தொலைவிலுள்ள கம்ப்யூட்டரிலிருந்து வரும் குறியீடுகளைப் பெற்று, அவற்றை எழுத்தாகவும் படமாகவும் படிவமாகவும் திரையில் அமைத்துக் காட்டுவது முதல் தொழில். வந்த தகவல் உரிய இடத்திலிருந்தே வந்ததா என்று சான்றிதழ் பார்த்து உறுதி செய்வது இரண்டாவது. ஒரு தளத்தில் நாம் கொடுத்த இரகசியத்தை மற்றொரு தளம் எட்டிப் பாராவண்ணம் இடையே சுவர் எழுப்பிக் காப்பது மூன்றாவது. முதல் தொழிலில் குறை நேர்ந்தால் கண்ணுக்குப் புலனாகும். மற்ற இரண்டிலும் நேரும் குறை பெரும்பாலும் தீங்கு விளைந்த பின்னரே தெரியவரும். ஆகவே, “பக்கம் திறக்கிறது, எனவே உலாவி நன்று” என்று முடிவு செய்வது பொருந்தாது.

2007-ஆம் ஆண்டில் ஐபோன் வெளிவந்தபோது சஃபாரி என்னும் உலாவி அதனுடனேயே வந்தது. 2008-இல் விற்பனைக்கு வந்த ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஓர் உலாவி அமைந்திருந்தது. ஆனால் அது கைபேசியின் இயக்க அமைப்புடன் பிணைக்கப்பட்டிருந்தது. அமைப்பு முழுவதும் புதுப்பிக்கப்பட்டாலன்றி உலாவிக்கும் புத்துயிர் இல்லை. இதன் விளைவு 2014-இல் வெளிப்பட்டது. மேலே கூறிய சுவரில் ஒரு பிளவு இருப்பதை ராஃபே பலோச் என்ற பாகிஸ்தானிய ஆராய்ச்சியாளர் அவ்வாண்டு கண்டறிந்து வெளியிட்டார். ஒரு தளத்தைத் திறந்தால், அது அருகே திறந்திருக்கும் வேறொரு தளத்தின் உள்ளடக்கத்தைப் படித்துவிடக்கூடும் என்பது அதன் பொருள். 2015 ஜனவரியில், ஆண்ட்ராய்டு 4.3-உம் அதற்கு முற்பட்டனவுமான பதிப்புகளில் உள்ள பழைய உலாவிப் பகுதிக்குத் தாம் இனித் திருத்தங்கள் ஆக்கித் தரப்போவதில்லை என்று கூகுள் நிறுவனத்தார் தெரிவித்தனர். குரோம் அல்லது ஃபயர்பாக்ஸ் போன்ற வேறு உலாவியை உபயோகிப்பதே நலம் என்பது அவர்கள் கூறிய யோசனை. யோசனை சரியானதே, ஆனால் அச்செய்தி எட்டாத இடத்தில் வாழ்வோரிடமே பழைய கைபேசிகள் மிகுதியாக இருந்தன.

இக்குறையை நிபுணர்கள் உணராமல் இல்லை. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல், உலாவிப் பகுதியைத் தனியே புதுப்பிக்கும் வசதி ஏற்பட்டது. பெரும்பான்மையான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இன்று முதன்மை உலாவியாக விளங்கும் குரோமும் தனியே புதுப்பிக்கப்படுவது. சஃபாரியும் ஆண்டுதோறும் செம்மை பெற்று வருகிறது. இந்த முன்னேற்றத்தை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் கைபேசி பழையதாகும்போது நிலைமை மாறிவிடுகிறது.

இதற்கு எனது அனுபவத்தில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். 2024-ஆம் ஆண்டின் இறுதியில், தில்லியில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் தமது கைபேசியுடன் என்னிடம் வந்தார். வேலை பார்க்கும் வீட்டார் கைம்மாற்றாகக் கொடுத்த பழைய கருவி அது. மகளின் படிப்புக்காக உதவித்தொகை கோரி ஓரிடத்துக்கு அனுப்பியிருந்த மனுவின் நிலையை அறிய, அவ்விடத்தாரின் தளத்தை உள்ளமைந்த உலாவியில் திறந்திருக்கிறார். திரை முழுவதும் சிவப்புக் குறியுடன் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. “சார், மனுவைத் தள்ளிவிட்டார்களா?” என்பதே அவர் கேட்ட கேள்வி. மனு தள்ளப்படவில்லை. தளத்தின் சான்றிதழை அக்கைபேசியால் அடையாளம் காண இயலவில்லை என்பதே அவ்வெச்சரிக்கையின் பொருள். ஃபயர்பாக்ஸ் உலாவியை அதில் நிறுவியதும் பக்கம் திறந்தது. மனு பரிசீலனையில் இருப்பதும் தெரிந்தது. ஆனால் அதற்குள் இரண்டு வாரங்கள், எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி, கேட்கப்பட்டிருந்த ஒரு பத்திரத்தை அனுப்பாமலேயே அவர் இருந்துவிட்டார்.

இதன் காரணத்தை வாசகர்கள் அறிதல் நன்று. நம்பத்தக்க சான்றளிப்போர் யார் யார் என்னும் பட்டியல் ஒன்று கைபேசியினுள் இருக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் ஸ்தாபனம் எண்ணற்ற தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்குவது. அதன் மூலச் சான்று ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முற்பட்ட கருவிகளின் பட்டியலில் இடம் பெறவில்லை. வேறொரு ஸ்தாபனத்தின் பழைய சான்றைத் துணைகொண்டே அக்கருவிகள் இயங்கி வந்தன. அவ்வேற்பாடு 2024-இல் முடிவுற்றது. ஃபயர்பாக்ஸ் தனது பட்டியலைத் தானே சுமந்து வருவதால் அக்கருவிகளிலும் அதற்கு இடர்ப்பாடு இல்லை. பழைய கருவி வைத்திருப்போர் அதனை நிறுவிக்கொள்ளலாம் என்று லெட்ஸ் என்க்ரிப்ட் 2020-லேயே அறிவுறுத்தியிருந்தது. ஆக, ஒரே கருவியில் ஓர் உலாவி கதவை அடைக்க, மற்றொன்று திறந்தது. அடைத்தது, கருவியுடன் வந்த உலாவி.

நிற்க. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, எழுத்து திரையில் சரிவரத் தோன்றுதல் தனிக் கவலைக்குரிய பொருள். ‘கொ’ என்னும் எழுத்தைக் கம்ப்யூட்டர் மெய்யெழுத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னுமாகச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது குறியைப் பிரித்து இருபுறமும் நிறுத்த வேண்டும். தொடக்ககால ஆண்ட்ராய்டு கருவிகளில் தமிழ் எழுத்துரு இன்மையால் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகவோ, இந்த ஏற்பாடு இன்மையால் குறிகள் இடம் மாறியோ தோன்றின. அந்நாளில் ஓப்பரா மினி என்னும் வேறோர் உலாவியை நிறுவி, எழுத்தைப் படமாக மாற்றித் தரும் அதன் வசதியைக் கொண்டே பலர் தமிழ் படித்தனர். அங்கும் துணை நின்றது பிறிதோர் உலாவியே.

இவ்விஷயத்தில் அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2016-இல் வெளியிட்ட ஐ.எஸ். 16333, மூன்றாம் பகுதி, கைபேசிகளில் இந்திய மொழி வசதி இருக்க வேண்டும் என விதித்தது. ஆங்கிலம், இந்தி, மேலும் ஓர் இந்திய மொழி ஆகியவற்றில் எழுதவும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் படிக்கவும் இயல வேண்டும் என்பது அதன் சாரம். எழுத்துக்கு ஒரு தரம் விதிக்க முடியுமெனில், அவ்வெழுத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் உலாவிக்கும் ஒரு தரம் விதிக்க முடியாதா?

“விரும்புவோர் வேறு உலாவியை நிறுவிக்கொள்ளலாமே, தடுப்பவர் யார்?” என்று சிலர் வினவுவர். முன்னரே வைக்கப்பட்ட பொருளைப் பெரும்பாலோர் மாற்றுவதில்லை என்பதை வணிகர்கள் நம்மைவிட நன்கு அறிவர். உலாவிகளிலும் கைபேசிகளிலும் தனது தேடுபொறியே முதலில் அமையும்பொருட்டு, 2021-ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் நிறுவனம் 2,630 கோடி டாலர் செலுத்தியதாக அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிப்பட்டது. எவரும் எளிதில் மாற்றிவிடக்கூடிய ஒன்றுக்கு இத்தனை பொருள் கொடுப்பார் உண்டோ? ஐபோனில் முதன்மை உலாவியை மாற்றும் உரிமையே 2020-இல்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சு முதல், உலாவிகளின் பட்டியலைக் காட்டி உபயோகிப்பவரையே தேர்ந்தெடுக்கச் செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுள் நிறுவனத்துக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்த வழக்கிலும், செயலிகளை முன்னரே நிறுவித் தருமாறு கட்டாயப்படுத்துவது ஒரு முக்கிய விவகாரமாக இருந்தது.

எனினும், தேர்வு உரிமை வேறு, தரம் வேறு. பட்டியலைக் காட்டி “எது வேண்டும்?” என்று கேட்டால், அப்பெண்மணி எதனைக் கொண்டு தேர்வார்? உள்நாட்டிலேயே உலாவி ஆக்கும் முயற்சியும் பாராட்டத்தக்கது. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023-இல் அறிவித்த போட்டியில், ஸோஹோ நிறுவனம் 2025-இல் முதற்பரிசாக ரூ. 1 கோடி பெற்றது. ஆனால் உள்நாட்டு உலாவியாயினும் வெளிநாட்டு உலாவியாயினும் அளக்கும் கோல் ஒன்றாக இருத்தல் வேண்டும். அக்கோலே இன்று நம்மிடம் இல்லை.

அக்கோல் எவ்வாறு அமையலாம் என்பது பற்றி என் அபிப்பிராயத்தைக் கூறுகிறேன். முதலாவது, உள்ளமைந்த உலாவிக்கு எந்த ஆண்டு, எந்த மாதம் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதை மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி பொறிப்பதுபோலக் கைபேசியின் பெட்டிமீதே அச்சிட வேண்டும். இரண்டாவது, சான்றிதழ்ப் பட்டியல் இயக்க அமைப்பை எதிர்பாராமல் தனியே புதுப்பிக்கப்பட வேண்டும். மூன்றாவது, எச்சரிக்கைகள் யாவும் கைபேசியில் தேர்ந்தெடுத்த மொழியிலேயே, சாமானியருக்கு விளங்கும் சொற்களில் இருக்க வேண்டும். “இது உமது குற்றமன்று” என்று தெளிவாகச் சொல்லவும் வேண்டும். நான்காவது, காலம் முடிந்த உலாவி தானே அதனை அறிவித்து, மாற்று உலாவியை நிறுவும் வழியைக் காட்ட வேண்டும்.

இவற்றால் கைபேசியின் விலை உயரும் என்று உற்பத்தியாளர்கள் கூறக்கூடும். முதல் யோசனைக்கு வேண்டியது ஒரு வரி அச்சு. மூன்றாவதற்கு வேண்டியது நல்ல மொழிபெயர்ப்பு. மற்ற இரண்டும் சில உலாவிகளில் முன்னரே கைகூடியிருப்பவை, அல்லது எளிதில் கைகூடக்கூடியவை. செலவு பெரிதன்று, கடமை என்ற எண்ணமே வேண்டுவது.

உதவித்தொகை, ஓய்வூதியம், நிலப்பதிவு, தேர்வு முடிவு ஆகிய அனைத்தையும் இணையத்தின் வழியே நாடுமாறு மக்களிடம் கூறிவிட்டோம். அவர்களுள் பலருக்கு இணையம் என்பது கைபேசியுடன் வந்த அந்த ஓர் உலாவியே. வாயிலைக் காட்டியவர்களுக்கு, அது திறக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பும் உண்டு.