புலிப்பூனையும் லயத்துக் கோழியும்

தென்னாப்பிரிக்காவில் செர்வல், காரகல் முதலிய சிறு காட்டுப்பூனைகளைப் பணம் கட்டி, அனுமதி பெற்றுச் சுடலாம். தோலைப் பாடம் செய்து வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். விசித்திரமான பொழுதுபோக்கு!

போனக்காட்டின் கதை வேறு. தேயிலைத் தோட்டம் நொடித்த பின்னும் லயங்களில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு நாலு கோழியும் ஒரு கைமுதல்தான். அதிலொன்றைக் காட்டுப்பூனை கவ்விப்போனால் ஆத்திரம் வரத்தான் செய்யும். ஆனால் கண்ணி வைப்பது பெரும் விபரீதம். மலையாளிகள் 'புலிப்பூச்ச' என்னும் சிறுத்தைப்பூனை, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. கோழியின் விலை என்ன, தண்டனையின் விலை என்ன!

அங்கே பணக்காரனுக்கு விளையாட்டு, இங்கே ஏழைக்குச் சிறையா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்காகச் சட்டத்தைத் தளர்த்த முடியாது. இப்பூனையின் முக்கிய உணவே எலிதான்.

அகத்தியர்கூடம் ஏறுவோரிடம் வனத்துறை கட்டணம் வசூலிக்கிறது. அதில் சிறு பங்கை ஒதுக்கி, லயந்தோறும் கம்பிவலை அடித்த கோழிக்கூடு அமைத்துத் தரலாம். சட்ட விவரத்தைத் தமிழிலும் எழுதிப் பலகை வைக்க வேண்டும். மலையாள அறிவிப்பு மட்டும் அங்கே எல்லாருக்கும் எட்டிவிடாது.